சர்வே எண் 114/3-இல் ஒரு நிலைவாசல்

ராமநாதபுரத்தில் அந்த வாரியத்தின் ஆபீசுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுவது என் தொழில். பெயர் காதர் மைதீன். வருகிறவர்களுக்கு பாய். இருபத்தாறு வருஷமாக 'சமூகம் உயர்திரு', 'பணிந்து வேண்டுகிறேன்' என்று எழுதி எழுதி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட வாயில் அதுதான் வருகிறது. என் மனைவி முதலில் சிரித்தாள். இப்போதெல்லாம் 'பரிசீலனையில் இருக்கு' என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

முன்பு தாலுகா ஆபீஸ் வாசலில் இருந்தேன். வாரியம் வந்ததும் இங்கே மாறிவிட்டேன். ஜனங்கள் எங்கே திண்டாடுகிறார்களோ அங்கேதானே மனு எழுதுகிறவன் கடை போட முடியும்?

வாரியத்தின் முழுப்பெயர் கடலோர நிலப்பயன் நெறிப்படுத்தும் வாரியம். எந்த நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்வது அதன் வேலை. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆளுக்கொரு லாட்ஜ் கட்டினால் கடல் எங்கே போகும்? ஆனால் முதல் இரண்டு வருஷத்திலேயே காரங்காட்டு அலையாத்திக் காட்டிலிருந்து தங்கச்சிமடம் வரை கடற்கரை மொத்தத்தையும் நெறிப்படுத்தி முடித்துவிட்டார்கள். முப்பத்திரண்டு பேர் சம்பளம் வாங்குகிற ஆபீசில் வேலை முடிந்துபோனால் எப்படி? அதனால் வாரியம் கரையேறி உள்நாட்டுக்குள் நடக்க ஆரம்பித்தது. கடலாடியைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, வெள்ளாரேந்தலில் வந்து நின்றது. அந்த ஊருக்கும் கடலுக்கும் பதினான்கு கிலோமீட்டர்.

அங்கே சர்வே எண் 114/3, ஒரு ஏக்கர் இருபது சென்ட். சொந்தக்காரர் சோணைமுத்து, வயது அறுபத்திரண்டு, குண்டு மிளகாய் போடுகிற சம்சாரி. ஒருநாள் காலையில் ஒரு கடிதத்தோடு என் மரத்தடிக்கு வந்து நின்றார்.

"பாய், இத வாசிச்சுச் சொல்லுங்க. தமிழ்லதான் இருக்கு. எழுத்தெல்லாம் தெரியிது, என்ன சொல்றாகன்னுதான் தெரியல."

வாசித்தேன். 'மேற்படி நிலம் எதிர்காலப் பொதுநோக்கத்திற்கென நெறிப்படுத்தப்பட்டுள்ளது. அப்பொதுநோக்கம் பின்னர் தீர்மானிக்கப்படும். தீர்மானிக்கப்படும் வரை அதற்கு ஊறு விளைவிக்கும் எச்செயலும் மேற்படி நிலத்தில் செய்யலாகாது.'

"அப்ப எதுக்குன்னு அவுகளுக்கே தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

"எதுக்குன்னு தெரியாம, எது அதுக்குக் கெடுதல்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனால ஒண்ணுமே செய்யக்கூடாது. மிளகா போட்டுக்கலாம், அது ஏற்கெனவே இருந்ததாம். வீடு, கொட்டகை, கிணறு, எதுவும் கூடாது."

மனுஷன் அப்படியே மரத்தில் சாய்ந்துவிட்டார். விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஊருக்குள் இருந்த அவருடைய மண்வீடு ஒரு மழைக்கு விழுந்துவிட்டது. கிணற்றில் உப்பு ஏறி மோட்டார் நின்றுபோன பிறகு, வயலில் இருந்த எட்டுக்கு எட்டு மோட்டார் ரூமில்தான் குடியிருந்தார். அவர் மனைவி பஞ்சம்மாள் அந்த ரூமில்தான் காய்ச்சலில் செத்துப்போனாள். ஒரே மகள் மாரிச்செல்வி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். இரண்டு பிள்ளைகள், தையல்காரப் புருஷன். தாய் செத்ததற்கு வந்தவள், மோட்டார் ரூமைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்: "அய்யா, ஒரு ரூமும் ஒரு பாத்ரூமும் மட்டும் கெட்டுங்க. நாங்க மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துர்றோம். இவுக சாயல்குடில தையக்கடை போட்டுக்கிருவாக. ஒங்களத் தனியா விட மாட்டேன்."

அந்த வீட்டுக்காகச் செங்கல் சொல்லிவிட்டு வந்த மனுஷனிடம்தான் வாரியம் கடிதத்தை நீட்டியிருந்தது. வீடு எழும்பினால் மகள் வருவாள், எழும்பாவிட்டால் வரமாட்டாள். இவ்வளவுதான் அவருடைய வழக்கு. இந்த ஒரு வரியை நாலு வருஷத்தில் நாற்பத்தேழு மனுவாக நான் எழுதினேன்.

முதல் மனுவுக்குப் பதில் வருவதற்குள் ஆனி மாதம் முடியப் போனது. ஆடி பிறந்துவிட்டால் நிலை வைக்கக்கூடாது. வாசல் நிலையை நல்ல நேரம் பார்த்து நிறுத்தி, மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, தேங்காய் உடைப்பதுதான் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பிறந்தநாள். சோணைமுத்து ஆசாரியிடம் வேப்பமர நிலைக்குச் சொல்லி, அதுவும் தயாராகி இருந்தது. ஆனி கடைசி முகூர்த்தத்தைத் தவறவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். மகளும் ஜாதகத்தைப் பார்த்து, அந்த நாள் தன் நட்சத்திரத்துக்கு ரொம்பப் பொருத்தம் என்று போனில் சொல்லிவிட்டாள்.

"அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டல, செங்கல் வைக்கல. நிலை வைக்கிறது சாமி காரியம் பாய். அது எப்படிக் கட்டடமாகும்?" என்று பிறகு என்னிடம் கேட்டார்.

நல்ல மனுஷன், நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். வயலுக்கு நடுவே, கிழக்குப் பார்த்து, நாலு கல்லை அண்டக் கொடுத்து, சுவரே இல்லாமல் ஒரு நிலைவாசலை மட்டும் நிறுத்திவிட்டார். மிளகாய்ச் செடிக்கு நடுவே ஒரு வாசல். மகள் வீடியோ காலில் பார்த்துக் குலவை போட்டாளாம். அன்றைக்கு அவர் மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் தின்றதாகவும், ரெண்டு ஆளுக்கு ஆக்கியது மிஞ்சிவிட்டதாகவும் சொன்னார்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. 'அனுமதியற்ற கட்டுமானம்.'

அதற்கு முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி, நிலத்தை நெறிப்படுத்தும் முன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமாம். நெறிப்படுத்தி முடித்த பிறகுதான் அது வாரியத்துக்கு ஞாபகம் வந்தது. சாயல்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, இருநூறு நாற்காலி போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, வாழ்த்துப் பாட்டும் போட்டார்கள். மேடையில் பன்னிரண்டு அதிகாரிகள். கீழே நானும் சோணைமுத்துவும். நான் பாதிக்கப்பட்டவன் இல்லை என்று என்னைச் சுவரோரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

மண்டல நெறியாளர் காளீஸ்வரன் மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர், குரலும் அப்படித்தான்.

"பெருந்திரளாக வந்திருக்கும் பொதுமக்களே! சிலர் வதந்தி பரப்புகிறார்கள், வாரியம் நிலத்தைப் பறிக்கிறது என்று. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் முந்நூறு-ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பறித்தால் நஷ்டஈடு தர வேண்டும். மக்களின் வரிப்பணம் வீணாகும். ஆகவே நாங்கள் பறிப்பதே இல்லை. நிலம் உங்களுடையது. பட்டா உங்களுடையது. தீர்வை கட்டும் பெருமையும் உங்களுடையது. அதில் பாம்பு வந்தால் அந்தப் பாம்பும் உங்களுடையது. பயன்பாடு ஒன்றை மட்டும் நாங்கள் பாதுகாக்கிறோம். யாரிடமிருந்து என்று கேட்பீர்கள். உங்களிடமிருந்துதான்!"

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் ஊரில் சொல்வதை முதல் தடவையாக மைக்கில் கேட்டேன்.

"ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம்" என்றார் நெறியாளர். சோணைமுத்து கை தூக்கினார்.

"சொல்லுங்கள்."

"அய்யா, எம் மக வரணும்."

"அது கருத்து அல்ல, குடும்ப விஷயம். அடுத்தவர்?"

அடுத்தவர் யாரும் இல்லை. பிறகு நகல் கேட்டு வாங்கிய கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இப்படி இருந்தது: 'இருநூறு இருக்கைகளில் ஓர் இருக்கையிலிருந்து மட்டும் ஆட்சேபணை எழுந்தது. ஏனைய நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருக்கைகள் ஆட்சேபிக்கவில்லை. திட்டம் ஏகப் பெரும்பான்மையுடன் ஏற்கப்பட்டது.'

இனி நிலைவாசல் கதைக்கு வருகிறேன். தணிக்கைக்கு மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். ஆட்சேபணையை அங்கேயே எழுதிக் கொடுக்கலாம் என்று சோணைமுத்து என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஜீப் மேற்குப் பக்கமாக வந்து நின்றது. இறங்கியவர்கள் மிளகாய்ச் செடியை மிதித்துச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய், வாசலுக்கு நேரே நின்றார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை வைத்து உள்ளே வந்தார். மற்றவர்களும் அப்படியே. மூன்று பேரும் 'உள்ளே' வந்து, வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். முள்ளு குத்தியபோதுதான் ஒருவருக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. அதை எடுக்க மறுபடி வாசல் வழியாகத்தான் வெளியே போனார்.

அறிக்கை வந்தது. 'கட்டடத்தின் காற்றோட்டம் திருப்திகரம். வெளிச்சம் போதுமானது. சுவர்கள் காணப்படவில்லை, உரிமையாளர் மறைத்திருக்கக்கூடும். கூரை இல்லாமையால் உயரத்தை அளவிட இயலவில்லை. எனவே அனுமதிக்கப்பட்ட உயரமான முப்பது அடியை மீறியதாகக் கருதப்படுகிறது. சீல் வைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

சீல் வைக்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். கதவு இல்லாத நிலைக்குச் சீல் வைக்க விதியில் இடமில்லையாம். ஒரு வாரத்தில் உத்தரவு: 'பதினைந்து நாளுக்குள் உரிமையாளர் சொந்தச் செலவில் கதவு பொருத்தி, வாரியம் சீல் வைப்பதற்கு ஒத்துழைப்பு நல்க வேண்டும்.'

கதவு பொருத்த அனுமதி கேட்டு மனு எழுதினேன். 'எதிர்காலப் பொதுநோக்கத்துக்கு ஊறு விளைவிக்கும்' என்று மறுத்துவிட்டார்கள். பொருத்தாததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு அதே தபாலில் இன்னொரு கடிதம். இரண்டிலும் ஒரே கையெழுத்து. இரண்டையும் எடுத்துக்கொண்டு நாங்கள் நெறியாளரைப் பார்க்கப் போனோம்.

"இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை" என்றார் காளீஸ்வரன். "மறுத்தது திட்டப் பிரிவு. கேட்டது அமலாக்கப் பிரிவு. இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு. ஆனால் ஒரு பிரிவின் கோப்பை வைத்துக்கொண்டு இன்னொரு பிரிவின் கோப்பில் கையெழுத்துப் போடுவது நேர்மையாகாது, இல்லையா?"

விழுந்த வீட்டில் கிடந்த பழைய கதவை சோணைமுத்துவே தோளில் தூக்கி வந்து மாட்டினார். வாரியம் பூட்டுப் போட்டு, துணி சுற்றி, அரக்கு வைத்துச் சீல் அடித்தது. ஆடுகள் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்து மேய்ந்தன.

இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிறகு ஒரு குட்டி அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சீல் வைத்த வளாகம் எதுவரை? சுவர் இருந்தால் சுவர்வரை. இங்கே சுவர் இல்லை. ஆகவே கதவுக்கு உள்பக்கம் இருப்பது மொத்தமும் வளாகம்தான். கதவு கிழக்கே திறக்கிறது, எனவே மேற்கே இருப்பதெல்லாம் உள். மோட்டார் ரூம் மேற்கே இருந்தது. 'சீல் வைத்த வளாகத்தினுள் அத்துமீறிக் குடியிருத்தல்' என்று அடுத்த நோட்டீஸ் வந்தது. சொந்த நிலத்தில் அத்துமீறியவர் என்று சோணைமுத்துவுக்குப் பெயர் ஏற்பட்டது.

"கதவத் திருப்பி மாட்டிக்கிரட்டுமாய்யா? அப்ப மேக்கால இருக்கிறது வெளிய ஆயிரும்ல?" என்று நெறியாளரிடம் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"அது கட்டுமான மாற்றம். சீலை உடைத்த குற்றமும் சேரும்" என்றார் நெறியாளர். அவரும் நிஜமாகவே சொன்னார்.

இப்படியே வருஷம் போனது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் குறைதீர் நாள். விடிகாலை பஸ் பிடித்து சோணைமுத்து வந்துவிடுவார். அவர் முறை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். அதுவரை என் மரத்தடியில் உட்கார்ந்து மகள் கதை சொல்வார். முதல் வருஷம் மாரிச்செல்வி ஞாயிறுதோறும் போன் போட்டு, "அய்யா, உத்தரவு வந்துருச்சா?" என்று கேட்டாள். இரண்டாவது வருஷம் மாதம் ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, "சாப்பிட்டீகளா? மாத்திரை போட்டீகளா?" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஊரில் யாராவது, "என்னண்ணே, மக வரலையா?" என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"அவ வரத்தாம்ப்பா நிக்கிறா. கவருமெண்டு விட மாட்டேங்குது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இருக்கும். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். நான் அதை அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

நாற்பத்தேழாவது மனுவுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தபோது எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே பூசாரியே சாமி. மதுரையில் ஜுமானா என்று ஒரு வக்கீல், எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண். மனுக்கள், பதில்கள் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி அவளிடம் கொண்டுபோய் வைத்தேன். அவள் ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு மறுநாள் கேட்டாள்: "மாமா, இதுல எது காமெடி, எது கவர்ன்மென்ட் ஆர்டர்?"

வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனது. வாரியத்து வக்கீல் மூன்று தடவை வாய்தா வாங்கினார். நாலாவது தடவை நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த நிலம் எந்த நோக்கத்துக்காக?"

"நோக்கம் பரிசீலனையில் உள்ளது, மை லார்ட்."

"எவ்வளவு காலமாக?"

"அதுவும் பரிசீலனையில் உள்ளது."

தீர்ப்பு மூன்றே பக்கம். ஜுமானா எங்களுக்குப் புரிகிற தமிழில் சொன்னாள். "பொதுநன்மைக்காக நிலத்துக்குக் கட்டுப்பாடு போட அரசாங்கத்துக்கு உரிமை இருக்கு. ஆனா அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சட்டம் வேணும், ஒரு காரணம் வேணும், ஒரு எல்லை வேணும். ஒண்ணுமே இல்லாம, நஷ்டஈடும் குடுக்காம, ஒருத்தர் நிலத்தைக் காலம்பூரா கட்டிப்போட்டா, பேரு என்ன வச்சுக்கிட்டாலும் அது பறிக்கிறதுதான். அதனால தடை செல்லாது. நீங்க நாளைக்கே வீடு கட்டலாம் பெரியப்பா."

சோணைமுத்து அவளுக்குக் கைகூப்பினார். கோர்ட்டு வாசலில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து உடனே மகளுக்குப் போன் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது.

"மாரி, செயிச்சுட்டோம்த்தா! இனிமே ஒருத்தன் கேக்க முடியாது. வீடு கெட்டலாம். நீ பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துரு."

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சந்தோசம்யா. ரொம்பச் சந்தோசம்." பிறகு மெதுவாக, "அய்யா, பெரியவன் ஏழாவது போயிட்டான். சின்னவ இங்கன டான்ஸ் கிளாஸ் போறா. இவுகளும் இப்ப சொந்தமா நாலு மிஷின் போட்டுருக்காக. இதையெல்லாம் விட்டுட்டு அங்கன வந்து என்னய்யா செய்ய?"

"இல்லத்தா, நீதான..."

"அப்பச் சொன்னேன்யா. அது ஆச்சு நாலு வருசம்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வேணா இங்கன வந்து இருங்க. வாரதுன்னா ஒரு வாரத்துக்கு முன்னாடி சொல்லிருங்க. ஹால்ல துணி மூட்டை கெடக்கு, ஒதுக்கணும்."

"சரித்தா" என்றார். போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அதைக் குடிக்கவும் இல்லை, மாற்றிக் கேட்கவும் இல்லை.

வாரியம் தீர்ப்புக்குத் தலைவணங்கியது. சும்மா வணங்கவில்லை, விழா எடுத்து வணங்கியது. வெள்ளாரேந்தல் வயலில் பந்தல் போட்டு, சீலை உடைக்க ஒரு வெள்ளித்தட்டில் கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். காளீஸ்வரன் துணியை வெட்டி, கதவைத் திறந்து, சோணைமுத்துவின் தோளில் சால்வை போர்த்தி, போட்டோவுக்குச் சிரித்தார்.

"ஒரு தனிமனிதனின் சொத்துரிமை என்றால் என்ன என்பதை இந்த நாட்டுக்கு எடுத்துக்காட்டிய தீர்ப்பு இது. இந்தத் தீர்ப்புக்குக் காரணம் யார்? நாங்கள்! நாங்கள் தடை போடாமல் இருந்திருந்தால் இந்த உரிமை உறுதிப்பட்டிருக்குமா? நாலு வருஷம் இதற்காக இரவுபகலாக உழைத்த வாரிய ஊழியர்களுக்கு இந்த நேரத்தில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்."

ஜீப்புகள் கிளம்பிப் போயின. நாற்காலிக்காரன் நாற்காலியை அடுக்கினான். சோணைமுத்து சால்வையோடு நின்றுகொண்டிருந்தார். "எப்பண்ணே வேலைய ஆரம்பிக்கிறீக?" என்று கேட்டேன். "பாப்போம்" என்றார்.

இரண்டு வாரம் ஆளைக் காணோம். மூன்றாவது செவ்வாய்க்கிழமை வழக்கம்போல விடிகாலை பஸ்ஸில் வந்து, மரத்தடியில் உட்கார்ந்தார். உடம்பு இளைத்திருந்தது.

"ஒரு மனு எழுதணும் பாய்."

"எதுக்குண்ணே? அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே?"

"அந்தத் தடைய மறுபடி போட்டுக் குடுக்கச் சொல்லி."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "அண்ணே, வெயில்ல வந்துருக்கீக. மோர் குடிக்கிறீகளா?"

"நான் நெதானமாத்தான் பேசுறேன்." தரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஊருக்குள்ள போக முடியல பாய். எதுக்க வாரவனெல்லாம், 'என்னப்பா, அதான் கேஸு செயிச்சாச்சே, மக எப்ப வாரா?'ன்னு கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல? இத்தன நாளு கவருமெண்டு விடலன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் தோணிச்சு. ராத்திரி படுத்தா, எம் மக வரத்தான் நிக்கிறா, இந்தப் பாவிகதான் மறிக்கிறாகன்னு நெனைச்சுக்கிட்டு வஞ்சுக்கிட்டே தூங்கிருவேன். இப்ப மறிக்க ஒரு ஆளும் இல்ல. கதவு தெறந்தே கெடக்கு. தூக்கம் வர மாட்டேங்குது பாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் அவர் என்ன ஆவார் என்று அடக்கிக்கொண்டேன். எழுதமாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் எதிரே உட்கார்ந்து ஒருவன் கேட்கும்போது எழுதாமல் இருந்தது என் தொழிலில் கிடையாது. 'சமூகம் உயர்திரு மண்டல நெறியாளர் அவர்களுக்கு, எனக்குச் சொந்தமான சர்வே எண் 114/3 நிலத்தில் முன்பிருந்த தடையை மீண்டும் விதித்து, அதைத் தாங்கள்தான் விதித்தீர்கள் என்று எழுத்து மூலம் தரும்படி பணிந்து வேண்டுகிறேன்' என்று எழுதி முடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

நாலு வருஷம் நாற்பத்தேழு மனுவுக்கு அசையாத வாரியம் இதற்கு மூன்றே நாளில் பதில் அனுப்பிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை கவரைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்துக் காட்டினேன்.

'தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. குடிமக்களின் சொத்தில் காரணமின்றித் தலையிட இவ்வாரியத்திற்கு எவ்வித அதிகாரமும் இல்லை. அரசியலமைப்புச் சட்டம் விதித்துள்ள எல்லையை மீறுவது இவ்வாரியத்தின் மரபும் அல்ல. தங்கள் நிலத்தைத் தாங்கள் விரும்பியவாறு, விரும்பியவர்களுடன் அனுபவித்துக்கொள்ளலாம்.'

"முடியாதுங்கிறாகளா?"

"ஆமாண்ணே."

கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். எதிரே ஆபீஸ் வாசலில் குறைதீர் நாளுக்கு ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இதுக்கு மேல யாருக்கு எழுதணும் பாய்?"

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன்.